அந்தம்மா சொன்னது

பொன்னையாவுக்குக் காதில் ஒரு பழுதும் கிடையாது. பக்கத்து மலையில் கொழுந்து லொறி முக்கினால்கூட இங்கே தலையை நிமிர்த்துவார். ஆகவே அந்தச் செய்தி அவர் காதில் சரியாக விழவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மடுல்சீமையில் மூன்றாம் நாளாக விடாத மழை. மண்சரிவைக் கவனிக்கும் அலுவலகத்து நிசாந்தினி காலையில் அவர் போனுக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். பொன்னையா கோயில் தலைவர் என்பதால் மேல் லயத்து வீடுகளுக்குத் தகவல் சொல்வது அவர் பொறுப்பு. ஒரு தடவை கேட்டார். கேட்ட கையோடு வாசல் வாசலாகப் போனார்.

"கவ்வாத்துச்சாமி கோயிலுக்கு ஏறச் சொல்லிட்டாங்க அந்தம்மா."

யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. வருசா வருசம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுமுன் சேவல் வாங்கிக்கொள்ளும் சாமி, இந்த மழைக்கா கைவிட்டுவிடும்? பதினேழு குடும்பங்கள் பாயும் பிள்ளைகளுமாக ஏறின. அவர் மனைவி கலாராணிதான் முன்னால் போனாள்.

மாட்டை அவிழ்த்துவிட்டு அவரும் கிளம்பும்போது, கீழே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மகள் விதுஷா மூச்சிரைக்க வந்தாள். அங்கே ஒருத்தரும் வந்து சேரவில்லையாம். எல்லாரும் கோயிலில் என்றார். அவள் போனைப் பிடுங்கிச் செய்தியைப் போட்டாள்.

"கோயிலடிக்கு ஒருதரும் ஏறவேண்டாம். அதுக்கு மேலதான் நிலம் வெடிச்சிருக்கு. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்குங்கோ."

இது வேறு செய்தி என்றார். வந்தது இது ஒன்றுதான் என்று அவள் காட்டினாள். மறுபடி போடச் சொன்னார். கோயில்தான் காவல் என்று அந்தம்மா தன் வாயால் சொன்னது இன்னும் அவர் காதில் இருந்தது. மூன்றாம் தடவையும் அந்தச் சொல் வரவில்லை.

மேலே சிக்னல் இல்லை. சுற்றி ஏறிப்போக அரை மணியாகும், ஆனால் கூப்பிடு தூரம்தான். விதுஷா மேலே ஓடினாள். அவர் முற்றத்தில் நின்று, கோயிலை மூடியிருந்த பனிமூட்டத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

"எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க."

மழைச் சத்தத்துக்குள்ளிருந்து கலாராணியின் குரல் வந்தது.

"வெளங்குச்சுங்க. இன்னும் மேலயே ஏறுறோம்."

அவர் சொல்லை ஒருநாளும் தட்டாத சனம் அது.