அவித்த மண்

பையைத் தொட்டதுமே அவளுக்கு திக்கென்றது. குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போன மண், மேசைமேல் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்தது. பிரித்து முகர்ந்தாள். மண்வாசனை போய், வேகவைத்த கிழங்கு வாடை அடித்தது.

மூன்று வருடத்துக்கு முன் மலையுச்சியில் வெட்டிய மண்ணை முதுகில் சுமந்து வந்து, அடிவாரத்து வெக்கையில் குழி தோண்டிப் புதைத்தவள் அவள்; அளப்பதற்காக இப்போதுதான் அதைத் தோண்டி எடுத்து வந்திருந்தாள். பூமி சூடானால் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் கூடுதலாக மூச்சுவிட்டு, கரியமில வாயுவைக் கக்கி, சூட்டை இன்னும் ஏற்றிவிடுமா? அவளுடைய ஆராய்ச்சியே இந்த ஒரு கேள்விதான். அட்டையிடம் கடிபட்டு, படாத பாடுபட்டுக் காப்பாற்றிய மண்ணை யாரோ நீராவியில் அவித்துவிட்டார்கள்.

அவித்தவர் அவளுடைய ஆய்வுக்கூடத்தின் சீனியர் அண்ணன். ஆராய்ச்சிக்கு நிதி கொடுப்பவர்கள் பார்வையிட வருகிறார்கள், வெளிமண்ணையெல்லாம் கிருமிநீக்கம் செய்துவிடு என்று அவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர் சொன்னாராம். இவரும் அப்படியே செய்தாராம். கிருமியை ஆராய்கிற இடத்தில் கிருமியை ஒழித்துவிட்டு அப்பாவியாக நிற்கிற அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேராசிரியர் அலட்டிக்கொள்ளவே இல்லை. அந்த மண்ணையே அளந்துவிடலாம் என்றார். செத்த மண் மூச்சுவிடாது என்றாள். விடாவிட்டால் நல்லதுதானே, மலைமண் சூட்டைத் தாங்குகிறது என்று எழுதலாம், வருகிறவர்களுக்கும் அதுதான் இனிக்கும் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்ல இந்த மனிதருக்கு வாய் கூசவில்லையே என்று நினைத்தாள். முடியாது என்றாள். பட்டம் வேண்டாமா என்று கேட்டுவிட்டு, அண்ணனை அளக்கச் சொன்னார்.

விருந்தினர்கள் வந்தார்கள். திரையில் வாயுவின் அளவு ஏறாமல் படுத்துக் கிடந்த கோட்டைக் காட்டி, மலை நம்மைக் கைவிடாது என்று பேராசிரியர் முழங்கினார். அவள் எழுந்தாள்.

"அந்த மண்ணுல உயிரே இல்ல. நாங்கதான் அவிச்சுக் கொன்னோம். நீங்களே மோந்து பாருங்க."

பையைப் பிரித்து, முன்வரிசையில் இருந்த அம்மாளின் கையில் கொடுத்தாள். அவர் முகர்ந்தார். மெதுவாகப் பையை மூடிவிட்டுப் பேராசிரியரைப் பார்த்தார். அதற்கப்புறம் யாரும் திரையைப் பார்க்கவில்லை.

சாயங்காலமே அவள் அவருடைய மாணவி இல்லை என்றாகிவிட்டது. மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார்.

"மறுபடியும் உச்சியிலேருந்தாம்மா? இன்னும் மூணு வருஷமா?"

"ஆமாண்ணா. ஆனா இந்தத் தடவை மண்ண இங்க கொண்டு வரமாட்டேன்."