ஞாயிற்றுக்கிழமை ஊதிய சங்கு

“ஜாவா ஆதரவு உண்டு” என்று வேதாந்த் முதன்முதலாகச் சொன்னபோது இசக்கிசெல்விக்கு வயிறு குளிர்ந்தது. இரண்டாம் முறை சொன்னபோது புருவம் சுருங்கியது. வார இறுதிக்குள், அவன் குரலில் அந்தச் சொற்கள் வந்தாலே கைபேசியைக் கடலில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய் மாவு ஆட்டலாம் என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

இத்தனைக்கும் அவள் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவள். தூத்துக்குடியில் செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் கணினி நிறுவனத்தில் நிரல் எழுதிக் காலம் தள்ளுவதற்குப் பொறுமை வேண்டும். அண்ணாச்சி கருப்பட்டி மொத்த வியாபாரத்திலிருந்து கணினித் தொழிலுக்கு வந்தவர். சரக்கு எதுவானாலும் சிப்பமாகக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. நிரலும் ஒரு சரக்குதானே என்பார்.

இப்போது இடம் மாற்ற வேண்டியிருந்த சரக்கு, மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகு உரிமையாளர்களுக்காக அவள் ஜாவா என்னும் கணினி மொழியில் எழுதிக் கொடுத்த ‘காவல்’ என்னும் நிரல். அது செய்யும் வேலை எளிது. விடியற்காலையில் படகு கிளம்பும்போது ஓட்டுநர் தம் கைபேசியில் ஒரு பொத்தானை அமுக்குவார். உடனே நிரலுக்குள் அந்தப் படகுக்கென்று ஒரு காவலாளி எழுந்து உட்காருவான். நிரல் எழுதுகிறவர்கள் அவனைத் ‘திரெட்’ என்பார்கள். காத்திருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. படகு கரை சேர்ந்து ஓட்டுநர் மறுபடி பொத்தானை அமுக்கினால் எழுந்து போய்விடுவான். சொன்ன நேரம் தாண்டியும் படகு வரவில்லையென்றால் ஓட்டுநரை அழைப்பான். அடுத்து உரிமையாளர் வீட்டை அழைப்பான். அதற்கும் பலன் இல்லாவிட்டால் அலுவலகக் கூரையில் இருக்கும் சங்கை ஊதச் செய்வான். மின்சாரத்தில் ஊதும் அந்தச் சங்கின் ஒலி கேட்டால், துணைக்குப் போகும் படகு கயிற்றை அவிழ்க்கும்.

நிரலில் குறை இல்லை. குறை அது குடியிருந்த கணினியில். கடலோரத்து உப்புக்காற்று மூடியைத் தாண்டி உள்ளே புகுந்து, செம்புக் கம்பிகளில் பச்சைப் பாசியைப் போலப் படர்ந்துவிடும். ஒன்று போனால் இன்னொன்று வாங்குவார்கள். அதையும் காற்று தின்னும். இப்போது இருப்பதும் இருமத் தொடங்கியிருந்தது. அதனால்தான் சென்னையில் உள்ள ‘முகில்மாடம்’ என்ற நிறுவனம் இணையம் வழியே வாடகைக்கு விடும் மேகத்தளத்துக்கு நிரலைக் குடிபெயர்ப்பது என்று முடிவாயிற்று. மேகத்தில் உப்பு ஏறாது. பார்த்துக்கொள்ளும் கவலையும் இல்லை. அந்த நிறுவனத்தின் சார்பில் பேசியவன்தான் வேதாந்த். ஆழ்வார்திருநகரிக்காரன், மரியாதையான பிள்ளை, மேடம் போடாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டான்.

குடிபெயர்த்த முதல் நாளே நிரல் வாசற்படியில் இடறி விழுந்தது. கோப்பு எழுத அனுமதி இல்லையாம்.

“ஜாவாவுல கோப்பு எழுதலாமே, வேதாந்த்?”

“எழுதலாம் மேடம். ஆனா எங்க தளத்துல எழுதக்கூடாது. எங்க டேட்டாபேஸ்ல வைங்க.”

சரியென்று மாற்றி எழுதினாள். அடுத்து, சங்குக்கு நேரடியாக இணைப்புத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தது. அவர்களுடைய செய்திச் சேவை வழியாகத்தான் போகவேண்டுமாம். அதையும் மாற்றினாள். அப்புறம் அவள் பயன்படுத்திய, பிறர் எழுதிவைத்த நிரல் நூலகம் ஒன்று தடை செய்யப்பட்ட பட்டியலில் இருப்பதாக வந்தது.

“ஏன் தடை?”

“பாதுகாப்புக்காக, மேடம்.”

“யாரு பாதுகாப்புக்கு?”

“எல்லாருக்கும், மேடம். ஒரே கட்டடத்துல பல பேர் குடியிருக்கீங்க. ஒருத்தர் சுவரை இடிச்சா பக்கத்து வீடும் விழும். மத்தபடி ஜாவா ஆதரவு உண்டு.”

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நியாயம் இருக்கிறது என்பதற்காக எரிச்சல் குறைந்துவிடுமா என்ன? உண்மையில் அது இரு மடங்காயிற்று.

அவள் பயந்ததெல்லாம் திரெட்டுக்குத்தான். காவலாளிகளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஆனால் அதிசயமாக, அந்த இடத்தில் தளம் ஒரு முனகலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ‘காவல்’ மேகத்தில் ஏறி அமர்ந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோதனை ஓட்டம். திங்கள் விடியற்காலையிலிருந்து பழைய கணினிக்கு ஓய்வு. நாளைத் தேர்ந்தெடுத்தவர் படகுக்காரர்களின் செயலாளர் ஜெஸ்டின். மற்ற நாட்களில் அவர் கடலில் இருப்பார். ஞாயிறு என்றால் மாதாகோயிலில் பூசை முடிந்து சாவகாசமாக வரலாம். அண்ணாச்சிக்கும் அது வசதியாகப் பட்டது. இசக்கிசெல்வியும் தலையாட்டினாள். தலையாட்டிய மூவரும் இந்த ஊர்க்காரர்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்குத் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றியது.

காலை போயிற்று, மதியமும் போயிற்று. அலுவலகத்தில் கைபேசி ஒலிக்கவில்லை. கூரையில் சங்கு ஊதவில்லை. வேதாந்திடமிருந்து “பிழைகள்: பூச்சியம்” என்று ஒரு செய்தி வந்தது, கூடவே கைதட்டும் படம் ஒன்று.

“பாத்தியா, ஒரு சத்தம் இல்ல!” என்று அண்ணாச்சி பூரித்தார். “கருப்பட்டி கணக்கா பக்குவமா போய் எறங்கிட்டு. நாளைக்கு சாயங்காலம் ஒரு சின்ன விழா. ஒனக்குப் பொன்னாடை சொல்லியாச்சு.”

ஜெஸ்டின் மதியச் சாப்பாட்டின் களைப்போடு உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார். “என்ன தங்கச்சி, ரொம்ப அமைதியா இருக்கு. வேல செய்யுதா?”

“அமைதியா இருந்தா வேல செய்யிதுன்னுதான அர்த்தம், அண்ணே?” என்று சொல்லிக்கொண்டே இசக்கிசெல்வி சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

துறைமுகத்தில் படகுகள் விலாவோடு விலா ஒட்டி, ஒன்றுக்கும் இடம் மிச்சமில்லாமல் நின்றிருந்தன. வலைகள் மூடிக் கிடந்தன. படகுகளின் மேல்தட்டில் ஓர் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் இந்தத் துறையிலிருந்து எந்த விசைப்படகும் கடலுக்குப் போவதில்லை. சிறு குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். ஒருவருமே போகாத கடலிலிருந்து யார் திரும்பவில்லை என்று சங்கு ஊதும்?

“அடப்பாவமே!” என்று எழுந்துவிட்டாள். “அண்ணே, இன்னைக்கு எந்தப் போட்டும் போவலயே!”

“ஞாயித்துக்கெழம எப்படிப் போவும்?” என்றார் ஜெஸ்டின். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் விளங்கிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணாச்சிக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. “அதான் ஒரு தொந்தரவும் இல்லாம ஓடிருக்கு” என்றார்.

இசக்கிசெல்வி ஜெஸ்டினின் கைபேசியை வாங்கி, அவருடைய ‘கடல் மாதா’ படகு கிளம்பிவிட்டது என்று பொத்தானை அமுக்கினாள். திரும்பும் நேரம் நாலரை என்று கொடுத்துவிட்டுத் திரையை மூடினாள்.

“தங்கச்சி, எம்போட்டு அந்தா கெட்டிக் கெடக்கு.”

“ஒரு அர மணி நேரத்துக்கு அது கடல்ல இருக்குன்னு வச்சிக்கிடுங்கண்ணே.”

நாலரை வந்தது. மூவரும் ஜெஸ்டினின் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒலிக்கவில்லை. நிமிடங்கள் ஊர்ந்தன. ஐந்தும் ஆயிற்று.

“ஒரு சத்தம் இல்ல பாத்தியா? நல்லதுதான?” என்றார் அண்ணாச்சி, சற்றே சுருதி இறங்கிய குரலில்.

“அண்ணாச்சி, இப்ப சத்தம் வந்தாத்தான் நல்லது!”

பல்லைக் கடித்துக்கொண்டு வேதாந்தை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவன் பதறவில்லை. “வாய்ப்பே இல்லை மேடம். ஜாவா ஆதரவு… இருங்க, நானே உங்க பக்கத்தைத் திறந்து பார்க்கறேன்” என்றான்.

அவன் திறந்தான். அதே நொடியில் ஜெஸ்டினின் சட்டைப்பை அலறியது. அவர் எடுப்பதற்குள் அது நின்று, மறுபடி அலறியது. இம்முறை அழைத்தவர் வீட்டிலிருந்து அவர் மனைவி.

“என்னங்க, நம்ம போட்டு கடல்லருந்து திரும்பலன்னு ஒரு பொம்பள போன்ல சொல்லுதா! அப்ப காலையில பூசையில எம்பக்கத்துல நின்னது யாரு?”

அவர் விளக்கம் சொல்ல வாயெடுத்த வேளையில் கூரைமேல் சங்கு ஊதியது. ஊதியதென்றால் சாதாரணமாகவா! தூங்கிய நேரத்துக்கெல்லாம் சேர்த்து வட்டி கொடுப்பதுபோல் ஊதியது. துறைமுகத்து வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். மீன் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் படகுகளைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“ஏலே, ஞாயித்துக்கெழம எந்தப் போட்டுலே காணாமப் போச்சு?”

“செயலாளர் போட்டாம்லே! மதியச் சாப்பாட்டுக்குப் பொறவு செயலாளரே காணாமப் போயிட்டாராம்!”

சிரிப்பு அடங்கி, கூட்டம் கலைந்து, சங்கை நிறுத்தியபின் இசக்கிசெல்வி கைபேசியை மறுபடி எடுத்தாள். வேதாந்த் இன்னும் இணைப்பில்தான் இருந்தான்.

“மேடம், பாருங்க, வேலை செய்யுது!”

“நீங்க கதவத் தட்டுனதுக்குப் பொறவு!”

“ஆமா மேடம். யாராவது பக்கத்தைத் திறந்தா எங்க சிஸ்டம் முழிக்கும். யாரும் வரலைன்னா செலவு மிச்சம்னு தூங்கிடும். உங்க திரெட்டும் சேர்ந்து தூங்கிடும். வேலை நாள்ல ஆட்கள் வந்துபோயிட்டே இருப்பாங்க, தெரிஞ்சிருக்காது. இது டாக்குமென்ட்ல இருக்கு.”

“எங்க இருக்கு?”

“வரம்புகள்ங்கற பக்கத்துல… கீழ.”

“ஜாவா ஆதரவு உண்டுன்னு எங்க போட்டிருக்கு?”

“முதல் பக்கத்துல” என்றான் மெதுவாக. பிறகு, “மேடம், குறிச்ச நேரத்துக்குத் தானா எழுப்பிவிடற டைமர் சேவை எங்ககிட்ட இருக்கு. அதுல மாத்தி எழுதிட்டா பிரமாதமா ஓடும்” என்றான்.

“அதுல எழுதுனா வேற எங்கயாவது ஓடுமா?”

“எங்ககிட்ட ஓடும்.”

“வேதாந்த், ஒரு கத சொல்லுதேன். சிரிக்காம கேக்கணும். ஒரு நண்டு கடக்கரையில வெயில் தாங்காம வேற எடம் தேடிப் போச்சாம். ஒரு கொளத்துல கொக்கு ஒண்ணு ‘நண்டுகளுக்கு இடம் உண்டு’ன்னு பலக எழுதி வச்சிருந்திச்சு. நண்டு சந்தோசமா உள்ள எறங்கிச்சு. வள தோண்டப் போச்சு. தோண்டக்கூடாது, கர இடியும்னு சொல்லிச்சு கொக்கு. பக்கவாட்டுல நடந்திச்சு. இங்க எல்லாரும் நேராத்தான் நடக்கணும்னு சொல்லிச்சு. கொடுக்க வாசல்ல கழத்தி வச்சிரு, யாரையும் கடிச்சிரக்கூடாதுன்னு சொல்லிச்சு. நண்டு அழுதிச்சு. கொக்கு கேட்டுது: ‘எதுக்கு அழுத? ஒன்ன உள்ள விட்டேனா இல்லியா? எங்கொளத்துல நண்டு இருக்கா இல்லியா?’ அதுக்கு நண்டு, ‘நான் இருக்கேன். ஆனா நண்டா இருக்க முடியலயே’ன்னு சொல்லிச்சாம்.”

ஜெஸ்டின் தொடையில் தட்டிச் சிரித்தார். மறுமுனையிலும் ஒரு சிரிப்பு, வேண்டாவெறுப்பாகக் கேட்டது.

“அந்தக் கொக்கு நான்தானா, மேடம்?”

“நீங்க பலக எழுதுன ஆளு. கொக்கு உங்க மொதலாளி. ஒரு மொழிய எல்லாருக்கும் பொதுன்னு எதுக்கு வச்சாங்க? இங்கன எழுதுனது அங்கனயும் அப்படியே ஓடணும்னுதான. கட்டுப்பாடு வைங்க, வேண்டாங்கல. கதவுலயே ‘கூடாது’ன்னு சொன்னா நான் வேற வழி பாத்துக்கிடுவேன். கோப்பு எழுதக்கூடாதுன்னு சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்துது. ‘சரி’ன்னு உள்ள விட்டுட்டு, எங்காவலாளியத் தாலாட்டித் தூங்க வச்சீங்க பாருங்க, இப்பப் பயமா இருக்கு.”

வேதாந்த் இந்த முறை ஜாவா ஆதரவு உண்டு என்று சொல்லவில்லை. “முதல் பக்கத்தை மாத்தச் சொல்லி எழுதறேன், மேடம். கேப்பாங்களான்னு தெரியாது” என்றான்.

“எழுதுங்க. வரம்புகள ஜாவாங்கற எழுத்தவிடப் பெருசாப் போடச் சொல்லுங்க.”

கைபேசியை வைத்ததும் ஜெஸ்டின் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. “தங்கச்சி, விடியக்காலம் போட்டெல்லாம் போவும். நாளைக்கு எது பாக்கும்?”

அவள் மூலையில் இருமிக்கொண்டிருந்த பழைய கணினியைக் காட்டினாள்.

“அப்ப பொன்னாட?” என்றார் அண்ணாச்சி.

“அதுக்குப் போடுங்க அண்ணாச்சி. குளுருக்கு ஆவும்.”

ஜெஸ்டின் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது அவரும் இன்னொருவருமாக ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். தேக்குச் சட்டமிட்ட, நல்ல உயரமான பெட்டி. “வீட்டுல அந்தோனியார் சுரூபத்துக்குப் புதுசு வாங்கியாச்சு. இது சும்மா கெடக்கு. உப்பு ஏறாது” என்றார்.

“மூச்சு முட்டிரும்ணே. காத்து வேணும்.”

“பின்பக்கம் ஓட்ட போடுவோம். துணி கெட்டி வடிகட்டுவோம்.”

பச்சை படர்ந்த இடங்களை இசக்கிசெல்வி பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துத் துடைத்தாள். அந்தோனியார் நின்ற இடத்தில் கணினி ஏறி உட்கார்ந்தது. பெட்டியின் மேல்விளிம்பில் இன்னும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ரோசாப்பூவை எடுக்க வேண்டாம் என்று ஜெஸ்டின் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குக் கிளம்புமுன் அவள் பழைய நிரலில் ஒன்றை மட்டும் சேர்த்தாள். எந்தத் துறையிலும் கட்டிக்கிடக்காத, பெயருக்கு மட்டும் உள்ள ஒரு படகு. அது நாள்தோறும் விடியற்காலையில் கிளம்பும். மாலையில் திரும்பவே திரும்பாது. காவலாளி விழித்திருந்தால் செயலாளரின் கைபேசியை அழைத்து, அந்தப் படகைக் காணவில்லை என்று சொல்வான். சங்குவரை போகமாட்டான்.

“தெனமும் எனக்கு ஒரு போட்டு காணாமப் போவுமா?” என்று ஜெஸ்டின் கேட்டார்.

“தெனமும் காணாமப் போச்சுன்னா நிம்மதியாத் தூங்குங்கண்ணே. போன் வரலன்னாதான் எனக்குச் சொல்லணும்.”

“சரி. எம்வீட்டுக்காரி நம்பர மட்டும் அதுல போட்டுறாத.”

திங்கட்கிழமை விடியற்காலையில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலங்கரை விளக்கைத் தாண்டின. பொழுது சாய்கையில் அத்தனையும் திரும்பிவிட்டன. சங்கு ஊதவில்லை. இசக்கிசெல்வி அலுவலகத்தில் கைபேசியை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒலித்தது.

“தங்கச்சி,” என்றார் ஜெஸ்டின், நங்கூரச் சங்கிலியின் இரைச்சலுக்கு நடுவே, “அந்தப் போட்டக் காணலியாம்.”