எட்டுக்கு அப்புறம் பத்து

கேலிக்கு ஆளாகாமல் இந்தப் பூமியில் இதுவரை ஒரு பெரிய மனிதனும் உருவானதில்லை, இனி உருவாகப் போவதும் இல்லை. மந்தைவெளி வீட்டுக் கூடத்தில், ஒரு கன்னம் முழுக்கச் சோப்பு நுரையோடு, வெங்கடரமணன் தன் மனைவி ஜெயலக்ஷ்மிக்கு இந்த உண்மையை அறிவித்தார். சான்று அவரேதான். பள்ளிக்கூடத்தில் அவரைப் பூசணிக்காய் என்று கூப்பிட்டார்கள். இன்று அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சூப்பரின்டெண்ட். இடையில் நடந்ததையெல்லாம் பூசணிக்காய்தான் நடத்திவைத்தது.

பேச்சு வந்த காரணம், மகன் அச்யுத் பத்தாவது படிக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துப் பள்ளியில் அன்று பெற்றோர் கூட்டம். நடையிலோ குரலிலோ கொஞ்சம் நளினம் தெரிந்துவிட்டால் போதும், அந்தப் பையனை மற்றவர்கள் 'ஒம்போது' என்று கூப்பிட்டு ஓட ஓட விரட்டுகிறார்களாம். அதை நிறுத்தப் பள்ளி ஓர் ஏற்பாடு செய்யப்போகிறது. பெற்றோர் சம்மதித்தால்தான் நடக்கும்.

"நான் போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன்" என்றார் வெங்கடரமணன். ஜெயலக்ஷ்மியும் புடவை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினாள். அவர் எப்போதும் ரெண்டு வார்த்தையோடு நிறுத்தியதில்லை.

அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அச்யுத் கொஞ்ச நாளாகப் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூம் போகவேண்டும், போனால் வழியை மறிப்பார்கள். இந்தக் கூட்டத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் இனிமேல் பள்ளிக்கே போவதில்லை என்று சொல்லியிருந்தான். அதோடு விட்டானா? ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தவளிடம், "அவா சொல்றது நெஜமாவே இருந்தா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டுவிட்டான். அவள் பதில் தேடுவதற்குள் கடுகு கருகியது. "அப்பாகிட்ட சொல்லாதே, சிரிப்பார்" என்று சொல்லிவிட்டு அவன் போயே போய்விட்டான்.

கூட்டத்தில் தலைமையாசிரியை சுலோச்சனா ஏற்பாட்டை விளக்கினார். வருகைப் பதிவுக்கு இனி எண்ணைக் கூப்பிட மாட்டார்கள், பெயரைத்தான் கூப்பிடுவார்கள். மத்தியான இடைவேளையில் ஓர் ஆசிரியர் பாத்ரூம் போகும் வழியில் நிற்பார். 'ஒம்போது' என்று கேலி செய்கிறவனின் பெற்றோருக்கு ஆள் போகும். கேட்டுச் சிரிக்கிற வாத்தியாரும் தப்ப முடியாது.

வெங்கடரமணன் எழுந்தார். ஒன்பதாம் வாய்ப்பாட்டை இனி எப்படி ஒப்பிப்பது, எட்டு முடிந்ததும் நேராகப் பத்தா என்று கேட்டார். நவராத்திரியை எட்டு ராத்திரியோடு முடித்துக்கொள்ளலாமா, ஒரு கிரகத்தை எந்த ஊருக்கு அனுப்புவது என்று விசாரித்தார். கூடம் குலுங்கிச் சிரித்தது. ஜெயலக்ஷ்மி புடவைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கினாள்.

"எண்ணைச் சொல்லலாம் சார். ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் சுலோச்சனா.

சிதம்பரநாதன் என்ற இன்னொரு தகப்பனார் பெரிய கவலையோடு எழுந்தார். இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் பேசினால் நல்லா இருக்கிற பையன்களுக்கும் தொற்றிக்கொள்ளாதா என்று கேட்டார்.

"கேலிதான் சார் தொத்துது. ப்ளஸ் டூவுல ஆரம்பிச்சு இப்ப ஆறாம் வகுப்பு வரைக்கும் வந்தாச்சு. சில பிள்ளைங்க மனசு வேற மாதிரி இருக்கும். வழியை மறிப்பாங்கன்னு பயந்து தண்ணியே குடிக்காத பிள்ளை இங்க இருக்கு. வளர்ந்து யாரா ஆகணுமோ ஆகட்டும். அதுவரைக்கும் பயப்படாம தண்ணி குடிக்கட்டும்."

சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் சுலோச்சனா. முன்வரிசையில் ஹாஜிரா பீ என்கிற அம்மாளின் கை முதலில் எழுந்தது. அடுத்தது ஜெயலக்ஷ்மியின் கை.

"கையைக் கீழே போடு" என்று வெங்கடரமணன் கிசுகிசுத்தார்.

"அது நம்ம அச்யுத்துதான்."

"எது?"

"தண்ணி குடிக்காத பிள்ளை."

அவள் தூக்கியிருந்த கையை வெங்கடரமணன் பார்த்தார். அது இறங்கவில்லை. கல்யாணமானதிலிருந்து இப்படி நடந்ததில்லை. அவர் வலது கை மெல்ல மேலே போனது. முதலில் தலைமுடியைக் கோதப் போவதுபோல் போனது. பிறகு அந்தப் பாவனையையும் விட்டுவிட்டு உயரத்திலேயே நின்றது. அவரைப் பார்த்துச் சிதம்பரநாதன்கூட, எதற்கென்று தெரியாமலே, கையைத் தூக்கிவைத்தார்.

இருவரும் ஸ்கூட்டரில் வீடு திரும்பினார்கள். வாசலில் அச்யுத் முகம் வெளுத்து நின்றிருந்தான்.

"பாஸாயிடுத்துடா" என்றாள் ஜெயலக்ஷ்மி. அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. அவன் தோள்கள் தளர்ந்து இறங்கியதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். "அன்னிக்கு ஒண்ணு கேட்டியே. நெஜமா இருந்தா இருக்கட்டும். சாப்பிட வா."

அவன் சாப்பிட உட்கார்ந்து, முதல் வேலையாக ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தான்.

சாயங்காலம் துணிகளை இஸ்திரிக்கு எடுத்துப்போக அம்மாசி வந்தான். வெங்கடரமணன் ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டார். ஏழு என்றார், எட்டு என்றார். கடைசியாக மிஞ்சியது அச்யுத்தின் பள்ளிக்கூடச் சட்டை. அச்யுத் பக்கத்திலேயே நின்றிருந்தான். வெங்கடரமணன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"பத்து" என்றார்.

அச்யுத் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். சமையலறைக்குள் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஜெயலக்ஷ்மி வெளியே தலையை நீட்டவில்லை.

அம்மாசி மூட்டையைப் பிரித்து மறுபடி எண்ணினான். "சார், ஒண்ணு கொறையுதே."

"ஒண்ணும் கொறையலை. எடுத்துண்டு போ" என்றார் வெங்கடரமணன்.