வலது தோளுக்குக் கீழே

பூர்ணிமாவுக்கு ஷூவைப் படம் எடுக்கத் தெரியும். மனிதர்களை எடுத்துப் பழக்கமில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் அறையில் ஆறு வருடமாக அதுதான் வேலை. புதிதாகச் செய்த மாதிரியை வெள்ளை மேசைமேல் வைத்து, தையலும் தோலின் பளபளப்பும் தெரிகிற மாதிரி எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஷூவின் முனை எப்போதும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நாற்பது படத்தில் ஒன்று மாறிப் பார்த்தாலும் நாற்பதும் திரும்பி வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை அப்படி வந்தது. அதன்பிறகு வந்ததில்லை.

சத்துவாச்சாரியில் அவள் வீட்டுக்கு எதிர்வீடு சுபேதார் ராமமூர்த்தியுடையது. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் செயலாளர். புதன்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸுக்கு அவள் நின்றிருந்தபோது வந்து பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம நம்ம ஆளுங்களுக்குப் பாராட்டு விழாம்மா. மலர் ஒண்ணு போடறோம். ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு படம். நீதான் எடுத்துக் கொடுக்கணும்."

"நான் ஷூதான் எடுப்பேன் சார்."

"நாங்களும் ஷூ போட்டு நடந்தே காலத்த ஓட்டுனவங்கதான். வந்துடு. மத்தியானம் பிரியாணி."

அவள் சரி என்றாள்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். மணமகள் அறையைப் படம் எடுக்க ஒதுக்கியிருந்தார்கள். பூர்ணிமா சுவரில் சாம்பல் நிறத் துணியைக் கட்டினாள். கம்பெனி மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்த இரண்டு விளக்குகளை நிறுத்தினாள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ராமமூர்த்தி அறுபத்து நான்கு பேருடைய பட்டியலைக் கொடுத்தார். நாற்பத்தொன்றாவது பெயரில் விரலை வைத்தார்.

"இந்தம்மா வந்தா நல்லா எடு. ஷஹீன் பானு. மேல்விஷாரம். நாயக் நிசார் அஹமதோட வீட்டுக்காரம்மா. காஷ்மீர்ல பனிச்சரிவுல போய்ட்டாரு, பதினேழு வருஷம் ஆவுது."

இறந்தவர்களின் பெயர்களைக் கடைசிப் பக்கத்தில் மொத்தமாகப் போடுவதாகத்தான் சங்கத்தில் முடிவாகியிருந்தது. அதைக் கேள்விப்பட்டு ஷஹீன் பானு மூன்று தடவை வந்திருந்தாள். முதல் தடவை மனு கொடுத்தாள். இரண்டாவது தடவை மனு என்ன ஆயிற்று என்று கேட்டாள். மூன்றாவது தடவை, கூட்டம் நடக்கும்போதே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா சொன்னாங்க தெரியுமா? 'பொடி எழுத்துல நூறு பேரோட நூத்தியோராவதா அவரு வேணாம். அவருக்குன்னு ஒரு பக்கம் வேணும். அவரால வர முடியாது, நான் வர்றேன்'னாங்க. அதுக்குமேல யாரு பேசறது? அவரு படம் குடுங்கன்னு கேட்டோம். இருக்கிறது ஒரே ஒரு குரூப் போட்டோ. அதுல தல நகத்தளவு. அதனால அவரு மெடல குத்திக்கிட்டு இவங்க நிப்பாங்க."

மேடையில் பேச்சு தொடங்கியதும் ராமமூர்த்தி அங்கே போய்விட்டார். பொன்னாடை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அறையின் வாசல் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்கள். பொன்னாடை சரியாகப் பதக்கங்களின் மேலேயே விழுந்து மறைத்தது. "கழட்டி ஓரமா வெச்சிடுங்க சார், மெடல் தெரியணும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. ஷூ கண் சிமிட்டாது. இவர்கள் சிமிட்டினார்கள். மதியழகன் என்ற ஒருவர் சிமிட்டவே இல்லை. ஸ்டூலில் விறைத்து உட்கார்ந்து மூச்சையும் நிறுத்திக்கொண்டார்.

"மூச்சு விடுங்க சார்."

"எடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப விடமாட்டேன்."

பழக்கதோஷத்தில், ஷூவின் முனையைச் சொல்வதுபோல ஒருவரிடம், "டோவை கொஞ்சம் லைட் பக்கம் திருப்புங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "எந்தக் காலும்மா?"

"மொகத்த சார், மொகத்த."

பத்துப் பேர் போனதும் கை பழகிவிட்டது. உட்காரும் இடம், விளக்கின் கோணம், இடது பக்கம் பதக்கம். எல்லாம் ஒன்றுபோல வந்தது. வேலை ஓடியது.

நாற்பத்தொன்று. கறுப்பு புர்கா, திறந்த முகம், வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்னால். சங்கம் கொடுத்த பெயர்ப் பட்டை. ஒரே பட்டையில் கோத்த மூன்று பதக்கங்கள். ஷஹீன் பானு ஸ்டூலில் உட்கார்ந்து புர்காவின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள்.

பூர்ணிமா கேமராவுக்குள் பார்த்தாள். இதுவரை வந்த நாற்பது பேருக்கும் பதக்கம் இடது பக்கம். இவளுக்கு வலது பக்கம்.

"அக்கா, மெடல் பக்கம் மாறியிருக்கு. இடது பக்கம் குத்திக்குங்க."

ஷஹீன் பானு நிமிர்ந்து பார்த்தாள். "இடது பக்கமா?"

"ஆமாக்கா. எல்லாருக்கும் அப்படித்தான்."

ஷஹீன் பானு திரையைப் பார்த்தாள். வெளியே வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். யாரோ "பிரியாணி ஆறிடும்பா" என்றார்கள். அவள் ஊக்கைக் கழற்றினாள். இடது பக்கம் குத்துவது அவளுக்குச் சிரமமாக இருந்தது. பூர்ணிமாவே போய்க் குத்திவிட்டாள். மூன்று படம் எடுத்தாள்.

"அவரு பேரு மேல வருமா, என் பேரு மேல வருமா?"

"அவர் பேர் மேல. உங்க பேர் கீழ."

"சரி" என்று எழுந்து போனாள்.

திரைக்கு வெளியே, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காத்திருந்தார். கையில் நீல வெல்வெட் பெட்டி. "ஆச்சா பாபி? குடுங்க" என்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். நிசார் அஹமதின் தம்பி ஹயாத் பாஷா. பதக்கங்கள் அவரிடம்தான் இருந்தன. ஷஹீன் பானுவின் மாமியார் சாகும்போது சின்ன மகனிடம் கொடுத்துவிட்டுப் போனது. அன்று காலைக்கு மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. ராமமூர்த்தி இலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பூர்ணிமா லேப்டாப்பில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "இவனப் பாரு, மாப்ள மாதிரி", "இவன் இன்னும் சாவலியா", "மதியழகன் மூச்சு விட்டானா இல்லையா" என்று பார்த்துக்கொண்டே வந்தவர், ஷஹீன் பானுவின் படம் வந்ததும் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார்.

"இது யாரு குத்துனது?"

"நான்தான் சார். மாத்திக் குத்தியிருந்தாங்க. சரி பண்ணேன்."

"சரி பண்ணியா."

அவர் கையை இலையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார். "மெடல் வாங்கினவன் இடது பக்கம் குத்துவான். அவன் செத்துட்டான்னா அவன் வீட்டுக்காரங்க வலது பக்கம் குத்துவாங்க. இது அவருது, என்னுது இல்லன்னு அதுக்கு அர்த்தம். இடது பக்கம் குத்துனா, நானே சண்ட போட்டு வாங்குனேன்னு அர்த்தம். இந்த மலர வாங்கறவன் பூரா ராணுவக்காரன்மா. மொதப் பார்வையிலேயே கேப்பான்."

பூர்ணிமா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சாம்பிள் அறையில் பாதி நாள் ஒற்றைக் கால் ஷூதான் வரும். மற்றக் காலைக் கேட்டால் படத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டு அனுப்புவாள். யாரும் கண்டுபிடித்ததில்லை. இதையும் திருப்பினாள். பதக்கம் வலது பக்கம் வந்தது. பெயர்ப் பட்டையில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல ஆகின. பதக்கத்தின் எழுத்துகளும். வகிடு மாறி, புருவம் மாறி, முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

"வேணாம்மா" என்றார் ராமமூர்த்தி. "ஆறு மணிக்கு அச்சுக்குப் போவுது. அந்தப் பக்கத்த எடுத்துடலாம். பழையபடி கடைசியில பேரு போட்டுக்கலாம். நான் சொல்லிக்கிறேன்."

"நான் போய் மறுபடி எடுத்துட்டு வர்றேன் சார்."

"மெடலு அந்த பாய்கிட்ட. இன்னிக்கு அவரு கொண்டாந்ததே பெருசு."

"போய்ப் பாக்கறேன்."

"சாப்ட்டுட்டுப் போ."

அவள் சாப்பிடவில்லை. விளக்குகளை அங்கேயே விட்டுவிட்டு, கேமராவை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

மேல்விஷாரத்தில் ஹயாத் பாஷாவுக்குத் தோல் பதனிடும் கெமிக்கல் விற்கும் கடை. வாசலில் நீல டிரம்கள். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதன் நடு அடுக்கில் அந்தப் பெட்டி ஏற்கெனவே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

"காலைலதான எடுத்தீங்க?"

"தப்பா எடுத்துட்டேன் பாய்."

"இன்னா தப்பு?"

"வலது பக்கம் இருந்தத நான் இடது பக்கம் மாத்திட்டேன். அப்படிப் போட முடியாது. படம் இல்லன்னா பக்கமும் இல்லன்றாரு சுபேதார் சார்."

ஹயாத் பாஷா தாடியைத் தடவினார். "பேஜாரா போச்சே. ஒரு வாட்டி எடுக்கறதுக்கே யோசிச்சிதான் குடுத்தேன். இன்னும் எத்தினி வாட்டிம்மா?"

"இன்னும் ஒரே ஒரு வாட்டி."

"உங்க கையில குடுக்க மாட்டேன். நானே எடுத்துனு வர்றேன்." எழுந்தவர் நின்றார். "நானும் கூட நிக்கறேன். எங்க அண்ணன் மெடலு."

ஷஹீன் பானுவின் வீடு அடுத்த தெருவில், மாடியில். ஒரு அறையும் சமையலறையும். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இருவரையும் பார்த்து எழுந்தாள். பூர்ணிமா வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொல்ல வந்தது.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் ஷஹீன் பானு.

"தெரியுமா?"

"அவரு போனப்ப ஒரு மேஜர் வந்து சொல்லிக் குடுத்தாரு. எந்தப் பக்கம், எவ்ளோ உயரம்னு."

"அப்ப ஏன்கா சொல்லல?"

ஷஹீன் பானு ஒரு துணியை மடித்து முடித்தாள். "எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்ட்டீங்க. வெளில அத்தன ஆம்பளைங்க நிக்கிறாங்க. மூணு வாட்டி போய் சண்ட போட்டு வாங்குன எடம். உள்ள வந்தும் ஒரு சண்டையான்னு வாய மூடிக்கிட்டேன்." அடுத்த துணியை எடுத்தாள். "பஸ்ஸுல வர்றப்ப பூரா அதே நெனப்பு. அவருது எதையோ திருடிப் போட்டுக்கிட்ட மாதிரி."

"தப்பு என்னுதுக்கா. மன்னிச்சிடுங்க."

"எடுங்க. வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடுங்க."

அவள் உள்ளே போய் காலையில் போட்டிருந்த புர்காவையும் பெயர்ப் பட்டையையும் போட்டுக்கொண்டு வந்தாள். பூர்ணிமா ஜன்னலைத் திறந்தாள். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர் போதும். ஹயாத் பாஷா பெட்டியைத் திறந்து பதக்கங்களை நீட்டினார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அண்ணி பக்கத்தில் போய் நின்றார்.

"பாய், ஒரு பக்கத்துல ஒருத்தருக்குத்தான் எடம்" என்றாள் பூர்ணிமா.

"கூடப் பொறந்தவன்மா நானு."

"இது அக்கா மூணு வாட்டி போய்க் கேட்டு வாங்கின பக்கம்."

"சேந்து நின்னா இன்னா கொறஞ்சிடும்? ஓரமாதானே நிக்கறேன்."

"ஹயாத்" என்றாள் ஷஹீன் பானு. அவரைப் பார்க்காமல் ஊக்கைத் திறந்துகொண்டிருந்தாள். "நகரு."

அவர் நகர்ந்தார். கதவோரமாகப் போய் நின்றார்.

ஷஹீன் பானு வலது தோளுக்குக் கீழே நான்கு விரல் அளந்து, பதக்கப் பட்டையை வைத்து, ஊக்கைத் தானே குத்தினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பூர்ணிமா கிட்டே போகவில்லை. முகத்தைத் திருப்பச் சொல்லவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தாள்.

"உம்" என்றாள் ஷஹீன் பானு.

மூன்று படம். பூர்ணிமா கேமராவைக் கொண்டுபோய்க் காட்டினாள். ஷஹீன் பானு தன் முகத்தைப் பார்க்கவில்லை. பதக்கங்களைப் பெரிதாக்கச் சொல்லி, எழுத்துகளைப் படித்து, இன்னும் கீழே கொண்டுபோகச் சொல்லி, பெயர்ப் பட்டையையும் படித்தாள்.

"இது போதும்."

அவள் சொன்ன பிறகுதான் பூர்ணிமா ராமமூர்த்திக்குப் படத்தை அனுப்பினாள். நாலே கால். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: வந்து சேர்ந்தது. பக்கம் போட்டாச்சு. அதை இருவருக்கும் வாசித்துக் காட்டினாள்.

"அப்ப சரி" என்று ஹயாத் பாஷா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். "குடுங்க பாபி. கட தொறந்தபடி கெடக்குது."

"இரு. பசியோட வந்திருக்கிற பொண்ணு. டீ வெக்கிறேன்."

"கழட்டிட்டு வெச்சா இன்னா?"

அவள் அதற்குள் சமையலறைக்குப் போயிருந்தாள். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பாத்திரம் அடுப்பில் உட்காரும் சத்தம். அவள் குனிந்து நிமிரும்போதெல்லாம் பதக்கங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஹயாத் பாஷா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கர கம்மியா பாபி."

"தெரியும்."

பால் பொங்கி அடங்க நேரம் ஆயிற்று. அவளும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. இஞ்சியைத் தட்டினாள். டம்ளர்களைக் கழுவினாள். ஹயாத் பாஷா ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூர்ணிமா கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள்.

ஷஹீன் பானு தட்டில் மூன்று டம்ளரும் நாலு பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். புர்காவைக் கழற்றவில்லை. பதக்கங்கள் அதே இடத்தில் இருந்தன. பூர்ணிமாவிடம் முதலில் நீட்டினாள். பிறகு கொழுந்தனிடம் நீட்டிக்கொண்டு நின்றாள். பெட்டி அவர் இரண்டு கையிலும் இருந்தது.

"ஆறிடும்" என்றாள்.

ஹயாத் பாஷா காலிப் பெட்டியை மூடித் தரையில் வைத்துவிட்டு, டம்ளரை வாங்கிக்கொண்டார்.