ராஜாவின் பலகையில் ஆமை கிடையாது

வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறிலிருந்து ஏழு மணி வரை, லோபாகா ராஜாவாக இருந்தான். மற்ற நேரங்களில் அதே ஓட்டலின் சலவை வண்டியைத் தள்ளினான். ராஜாவுக்கும் சலவைக்கும் ஒரே அடையாள அட்டைதான்.

ராஜாவுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. மஞ்சள் இறகுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மேடைக்கு வரவேண்டும். இறகுகள் பாலியெஸ்டர். அலைமேல் சறுக்கிப்போகும் பத்தடி நீளப் பலகை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கவேண்டும். கீழே நானூறு விருந்தாளிகள் சுட்ட பன்றியை மென்றுகொண்டிருக்கையில், "என் முன்னோர்களைப் போல இந்தப் பலகையை நானே என் கையால் செதுக்கினேன்!" என்று முழங்கவேண்டும். பலகை ஃபோமில் வார்த்தது, மேலே மரம் மாதிரி அச்சடித்த தாள் ஒட்டியது. தலையணையைவிடக் கொஞ்சம் கனம். ஆறு வருடமாக முழங்கியும் யாரும் சந்தேகப்படவில்லை. பன்றி அவ்வளவு நன்றாக இருக்கும்.

பிப்ரவரியில் ஒருநாள், உள்ளூர்க்காரர்களையும் உள்ளே விட்டார்கள். லோபாகாவின் அக்கா புருஷன் பிலிபோ பதினாலாம் நம்பர் மேசையில் மூன்றாவது தட்டோடு உட்கார்ந்திருந்தான். ராஜா முழங்கி முடித்து மூச்சு வாங்கிய நேரத்தில் அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"எப்போ மச்சான் செதுக்குனே? துணி காயற நேரத்துலயா?"

உள்ளூர் மேசைகள் குலுங்கின. வெளியூர் மேசைகளும் இது நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்துக் கைதட்டின. மறுநாள் காலை அவன் ஊரான ஹனபேபேயில் பெட்ரோல் பங்கிலிருந்து தேவாலயம் வரைக்கும் அவனுக்கு 'ஃபோம் ராஜா' என்று பெயர் விழுந்திருந்தது.

பிலிபோ மேல் லோபாகாவுக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது உண்மை என்பதுதான் எரிந்தது. அக்கா கலேஹுவாவின் அடுப்படியில் நின்றுகொண்டு அறிவித்தான்.

"இனிமே அந்த வரியைச் சொல்ல மாட்டேன்."

"சொல்லலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடா," என்றாள் அக்கா.

"அப்போ அதை உண்மையாக்கிட்டுச் சொல்றேன். நானே ஒண்ணு செதுக்கப்போறேன்."

பிலிபோ கூழாக அரைத்த கிழங்கை விரலால் வழித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். "நீ ஆணி அடிச்சாலே சுவரு அழும். நீ பலகை செதுக்கப் போறியா?"

"செதுக்கி, அதுமேல படுத்து, அந்த ஓட்டல் முன்னாடியே அலையில வர்றேன் பாரு."

"பாக்கறேன். சாகறதுக்குள்ள காட்டு."

மார்ச்சில் புயல் வந்தது. கொல்லையிலிருந்த சீமைப்பலா மரத்தை வேரோடு பிடுங்கிப் பிலிபோவின் பிக்கப் வண்டிமேல் சாய்த்தது. பிலிபோ சாலைத் துறையில் வேலை பார்ப்பவன். ஊரார் வண்டிகள்மேல் விழுந்த மரங்களையெல்லாம் அறுத்து அகற்றிவிட்டு வீட்டுக்கு வந்து தன் வண்டியைப் பார்த்தான். சங்கிலி ரம்பத்தை எடுத்து, மரத்தின் நல்ல பாகத்தை அளந்து, மைத்துனனைக் கூப்பிட்டான்.

"இந்தா உன் பலகை. என் வண்டிக் கூரையும் உள்ள இருக்கு, பாத்து எடு."

அங்கேதான் மீன் பிரச்சினை கிளம்பியது. பழைய வழக்கப்படி, பலகைக்கு மரம் வெட்டுகிறவன் முதலில் வேரடியில் சிவப்பு மீன் ஒன்றை வைக்கவேண்டும். லோபாகா விடிகாலையிலேயே போய் நல்ல கூமூ மீனாக வாங்கி வந்திருந்தான்.

"வெட்டறதுக்கு முன்னாடிதான்டா மீன்," என்றாள் கலேஹுவா. "இதை நீயா வெட்டுனே? காத்துதானே வெட்டுச்சு. மீனைக் காத்துதான் வைக்கணும்."

"காத்து கடைக்குப் போகுமா?" என்றான் பிலிபோ.

"அதுக்காக இவன் வச்சா கணக்குல சேருமா? தாலி ஒருத்தன் கட்டிட்டு மாலையை இன்னொருத்தன் போடற மாதிரி."

முக்கால் மணி நேரம் பேசினார்கள். வெயிலில் மீன் பொறுமையிழந்து வாடை வீசத் தொடங்கியது. கடைசியில் தலையை வேர்க்குழியில் புதைத்தார்கள், உடம்பை வறுத்தார்கள். மரம் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

எப்படிச் செதுக்குவது என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. விசாரித்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் செய்ததில்லை. அசல் பலகை ஒன்று நகரத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சுவரோடு சுவராக இருந்தது. லோபாகா நீளத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று சாண் போட்டு அளந்தான். தலை உருண்டை, வால் சதுரம், இந்தக் காலத்துப் பலகைகளைப் போல அடியில் மீன்துடுப்பு கிடையாது. கனம்தான் தெரியவில்லை. முகத்தை மட்டும் காட்டி மாட்டியிருந்தார்கள்.

"கனம் எவ்வளவுங்க?" என்று காவலரிடம் கேட்டான்.

"அதுக்கு மனு குடுக்கணும். ஆறு வாரத்துல பதில் வரும்."

"யாரோட பலகை இது?"

காவலர் குனிந்து அட்டையைப் படித்தார். "உரிமையாளர் பெயர் தெரியவில்லைன்னு போட்டிருக்கு."

"எங்க ஆளுங்களோடது."

"அப்போ மனுவுல அதையும் எழுதுங்க."

லோபாகா மனு எழுதவில்லை. சுவரில் கன்னத்தை ஒட்டிவைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்தான். நடுவில் ஒரு கட்டைவிரல் கனம், ஓரத்தில் அதிலும் பாதி. சுற்றுலா வந்த தம்பதி ஒன்று, இது இவர்களுடைய வழிபாடு போலிருக்கிறது என்று, சத்தமில்லாமல் நகர்ந்துபோனது.

பிலிபோ ரம்பத்தால் இரண்டு பலகை அறுத்துக் கொடுத்தான். லோபாகா மரம் செதுக்கும் வாய்ச்சியை எடுத்தான். முதல் பலகை ஒன்பது நாள் உயிரோடு இருந்தது. பத்தாம் நாள், ஒரு முடிச்சை வீறாப்பாகக் கொத்தியதில் நடுவில் ஓட்டை விழுந்தது.

பிலிபோ அந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தான். "ஜன்னல் நல்லா வந்திருக்கு மச்சான். கதவு எப்போ?"

"இன்னொரு பலகை இருக்குல்ல."

"அதையும் முடிச்சிட்டா வீடே கட்டிடலாம்."

இரண்டாவது பலகையை அவன் அடித்துக் கொத்தவில்லை, சீவினான். நகக்கண் அளவுக்குச் சிராய்த்து, கையால் தடவி, மறுபடி சிராய்த்தான். ஏப்ரலில் அது பலகையாகிவிட்டது என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட மறுநாள், பச்சை மரமில்லையா, வால்பக்கம் படக்கென்று வெடித்தது.

தெருவே வந்து பார்த்தது. "மீன் தலையை மட்டும்தானே வச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனது.

"விரியட்டும்," என்றான் லோபாகா. "விரிஞ்சதை வெட்டுவேன். மிச்சத்துல போவேன். மிச்சம் ஒரு சாண் இருந்தா அதுல தாடையை வச்சுக்கிட்டுப் போவேன்."

வெடித்த பாகத்தை ஒரு அடி அறுத்தெறிந்தான். மீதியைத் தூக்கிக்கொண்டு போய், மரம் மெதுவாகக் காயட்டும் என்று பிலிபோவின் சேப்பங்கிழங்கு வயல் சேற்றுக்குள் புதைத்தான். அந்தக் காலத்தில் புதைப்பார்கள் என்பது மட்டும் கேள்விப்பட்டது. எத்தனை நாளைக்கு என்பதைக் கேள்விப்படவில்லை. ஏழு வாரம் வைத்தான். வயலில் காலை வைக்கும்போதெல்லாம் பலகைமேல் மிதித்து வழுக்கி விழுந்த பிலிபோ, அதற்குள் ஊரிலிருந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் ஒரு சுற்று முடித்திருந்தான்.

ஜூனில் தோண்டினார்கள். பலகை வெடிக்கவில்லை. பவளக்கல்லால் ஒரு மாதம் தேய்த்தான். குக்குயி கொட்டைகளைச் சுட்டு, அந்தக் கரியை அந்தக் கொட்டையின் எண்ணெயிலேயே குழைத்துப் பூசினான். பலகை கறுத்து மினுங்கியது. உள்ளங்கையும் கறுத்தது. ஓட்டலின் முந்நூற்றுப் பன்னிரண்டாம் அறைக்குப் போன வெள்ளைப் படுக்கை விரிப்பில் ராஜாவின் கைரேகை ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தது. அந்த அறைக்காரர் அதைப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்படித்தான் விஷயம் பண்பாட்டு மேலாளர் கிரெய்க் காதுக்குப் போனது. தீவின் பண்பாட்டைக் கவனிப்பதற்காகக் கடலே இல்லாத ஒஹாயோ மாநிலத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். பூப்போட்ட சட்டைதான் போடுவார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று நாலு மணிக்குச் சலவைக் கூடத்துக்கே வந்தார். லோபாகா மேடைக்கென்று கொண்டுவந்திருந்த பலகையைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"கிங், தப்பா எடுத்துக்காதீங்க. இது ஒரிஜினல் மாதிரி தெரியலையே?"

"இதுதாங்க ஒரிஜினல்."

"எனக்குப் புரியுது. ஆனா ஒரிஜினல்னா இப்படித்தான் இருக்கும்னு விருந்தாளிங்க மனசுல ஒண்ணு இருக்கும் பாருங்க. முனை கூரா இல்ல. அடியில துடுப்பு இல்ல. துணி தேய்க்கிற பலகை மாதிரி இருக்கு."

"இந்த ஓட்டலுக்கே துணி தேய்க்கிறவன் நான். அந்தப் பலகைக்குக் கால் இருக்கும்."

கிரெய்க் மனம்விட்டுச் சிரித்தார். "நடுவுல ஒரு ஆமை செதுக்கிடுங்களேன்? ஆமைன்னா உங்க ஆளுங்களுக்கு ரொம்ப விசேஷமாச்சே."

"எங்க வீட்டுல யாரும் ஆமையை ஒட்டவச்சுக்கிட்டு அலையில போனதில்ல."

"சரி, வால்பக்கம் ஓட்டல் பேரு? சின்னதா?"

"மாட்டேன்."

"ஆமை மட்டுமாவது?"

"கிடையாது."

கிரெய்க் வருத்தத்தோடு தலையாட்டினார். "அப்போ பழசையே தூக்குங்க. வரியை மட்டும் விட்டுடாதீங்க. கைதட்டல் அங்கதான் விழுது."

அவர் போனபிறகு லோபாகா பலகைப் பக்கம் திரும்பினான். ஆறு வருடம் பொய் சொன்னபோது சொல்ல உண்மை என்று ஒன்று அவனிடம் இருக்கவில்லை. இன்றைக்கு அது சலவை இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போய் அதே பொய்யைச் சொல்லச் சொல்கிறார்கள்.

ஆறு மணிக்கு மேளம் கொட்டியது. ராஜா வந்தான். ஃபோம் பலகையைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"என் முன்னோர்களைப் போல..." என்று தொடங்கி நிறுத்தினான். "இதை நான் செதுக்கல. யாரு செஞ்சாங்கன்னும் தெரியாது. உள்ள ஃபோம். தட்டுனா சத்தம்கூட வராது."

தட்டிக் காட்டினான். வரவில்லை. பலகையைக் கீழே வைத்தான். இறகுப் போர்வையைக் கழற்றி நாலாக மடித்து அதன்மேல் வைத்தான். சலவைக்காரனுக்குத் துணியைச் சுருட்டிப் போட மனம் வராது. பிறகு மேளங்களுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த கறுப்புப் பலகையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"நான் செதுக்குனது இது. பாக்கணும்னா நாற்காலியைக் கடல்பக்கம் திருப்பிக்கோங்க."

புல்வெளியில் இறங்கி நடந்தான். ஓரத்தில் காவலுக்கு நின்ற இயோகேபா, சிறுவயதுச் சிநேகிதன், கையை நீட்டி மறித்தான்.

"டேய், ட்யூட்டி நேரத்துல கடல்ல இறங்கக் கூடாது. ரூல்."

"நான் ட்யூட்டியில இல்ல."

"எப்போலேருந்து?"

"புல்லு முடிஞ்ச இடத்துலேருந்து."

இயோகேபா குனிந்து பார்த்தான். தன் பூட்ஸ் புல்லில் இருந்தது, லோபாகாவின் கால் மணலில் இருந்தது. மணல் எந்த ஓட்டலுக்கும் சொந்தமில்லை. "அப்போ எனக்கு அதிகாரம் இல்ல," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுக் கையை எடுத்தான்.

துடுப்புள்ள பலகையில் லோபாகா பத்து வயதிலிருந்து அலை ஏறியவன். அந்தத் தைரியத்தில் நீந்திப்போனான். இந்தப் பலகை அவன் நெஞ்சுக்கடியில் கூச்சப்பட்ட மாதிரி அமிழ்ந்தது. முதல் அலை அவனைக் கவனிக்காமலே கடந்துபோனது. இரண்டாவது அலை கவிழ்த்தது. மூன்றாவதில் பலகை முழங்காலில் அறைந்தது. நேராகப் போ என்றால் அது பக்கமாக நழுவியது. நாலாவது முறை மூக்கில் உப்புநீரோடு மேலே வந்தபோது, கரையிலிருந்து ஒலிபெருக்கி கேட்டது.

"அன்பான விருந்தாளிகளே, இதோ, முன்னோர்களின் கடலில் நம் ராஜா!"

நானூறு பேர் கைதட்டினார்கள். விளக்கு ஒன்று அவன்மேல் திரும்பியது. ஐந்தாவது முறை விழுந்தான். அதற்கும் தட்டினார்கள். அவனுடைய எதிர்ப்பையும் பன்றிக்குப் பக்கத்தில் பரிமாறிவிட்டார்கள்.

அடுத்த அலை எழுந்தபோது அவன் கரையைப் பார்த்தான். நேராகப் போனால் மேடைக்கு எதிரே ஒதுங்கலாம். அங்கே கிரெய்க் பூமாலையோடு தயாராக நின்றார். லோபாகா பலகையோடு போராடுவதை அந்த நொடியில் நிறுத்தினான். அது நழுவ விரும்பிய பக்கம் தோளைச் சாய்த்துக் கொடுத்தான். துடுப்பு என்று பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாததால், பலகை அலையின் சரிவில் கத்தி மாதிரி பக்கவாட்டில் பாய்ந்தது. மேடை, பூமாலை, நீச்சல்குளம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. துரத்திவந்த விளக்கு ஓட்டலின் கடைசித் தென்னைக்கு அப்பால் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. காதோரம் தண்ணீர் கிழியும் சத்தம் மட்டும் இருந்தது. லோபாகா ஊளையிட்டான். கைதட்டுகிறவர்களுக்கு எட்டாத தூரத்தில்தான் ஊளையிட்டான்.

அலை அவனைப் பொதுப் படகுத்துறையின் கற்களுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. அங்கே பிலிபோ தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து பலகையை வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தைக் கட்டைவிரலால் வருடினான்.

"இந்தப் பக்கம் அரைவிரல் கனம் கூடுதலா விட்டிருக்கே."

"தெரியும்."

"அதான் உன்னை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு வந்துது."

"அது இழுக்கல. நான்தான் போனேன்."

பிலிபோ இன்னொரு முறை வருடினான். "எட்டு நிமிஷமா மீன் இழுக்குது மச்சான், நான் தூண்டிலைப் பாக்கவேயில்ல," என்றான். அவன் வாயிலிருந்து பாராட்டு என்று இதைவிடப் பெரிதாக வந்ததில்லை.

அவன் பையில் போன் அடித்தது. ஓட்டல் கோப்பில் லோபாகாவின் அவசரத் தொடர்புக்குக் கொடுத்திருந்தது அவன் எண்தான். எடுத்துக் கேட்டான், ம் போட்டான், கையால் பொத்திக்கொண்டான்.

"உங்க கிரெய்க். எல்லாரும் நின்னு கைதட்டறாங்களாம். ஒரு நிமிஷம் வந்து வணக்கம் சொல்லிட்டுப் போகணுமாம். இனிமே வாரம் மூணு நாளும் இதையே செய்யணுமாம். ஆமைகூட வேண்டாமாம்."

"கடல்ல இருக்கான்னு சொல்லு."

"இங்க என் முன்னாடி நிக்கறே. என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

லோபாகா பலகையை அவன் கையிலிருந்து வாங்கினான். கற்களைத் தாண்டி இறங்கினான். முழங்கால், தொடை, இடுப்பு. அங்கே நின்று திரும்பிப் பார்த்தான்.

"இப்போ சொல்லு," என்றான்.