எட்டாவது படத்துக்கு முன்னால்

1
ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு பெட்டியிலிருந்து வந்தது. ஆள் உயரப் பெட்டி, மேலே கண்ணாடித் திரை. பத்து சென்ட் போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப்படம் ஓடும். ஒரு சுருளில் எட்டுப் படங்கள். வரிசைப்படிதான் வரும், பிடித்ததைக் கேட்டு வாங்க முடியாது. போர்க்காலத்தில், சிகாகோ நாற்பத்தேழாம் தெரு மதுக்கடையில், அதைப் பார்க்க ஆயிரம் பேர் திரள்வார்கள். (சரி, பதினொருவர். ஓய்வுபெற்றவன் சொல்லும் எண்களை நம்பாதீர்கள்.)

2
வெர்லீன் பேரழகி, அவள் நடந்தால்

வேண்டாம். சலவைக்கடையில் பகலெல்லாம் நின்று கால் வீங்கி இந்த மதுக்கடைக்கு வருபவள் அவள்.

எட்டாவது படத்தில் நால்வர் சேர்ந்து பாடுவார்கள். உச்சக்குரல் அவள் கணவன் ராஸ்கோவுடையது, முகம் வேறொருவனுடையது. இந்தத் தொழிலில் முதலில் குரலைப் பதிவுசெய்து, இன்னொரு நாள் அதற்கு வாயசைக்கவிட்டுப் படமெடுப்பார்கள். அந்த இரண்டு நாளுக்கு நடுவே ராஸ்கோவைப் பட்டாளம் கூட்டிப்போய்விட்டது. அவன் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றவன் ஆம்ப்ரோஸ் என்ற தையற்காரன். இப்போது மூன்று மாதமாக ராஸ்கோவிடமிருந்து கடிதமில்லை.

வெர்லீன் அதை ஒருமுறைதான் பார்த்தாள். பிறகெல்லாம் எட்டாவது படம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள்.

3
ஒருநாள் ஆம்ப்ரோஸே வந்து, தொப்பியைக் கழற்றி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரெண்டாவது அடியில அவரு மூச்சு இழுப்பாரு. நீ அங்க வாய மூடிட்டு நிக்கிற" என்றாள் வெர்லீன்.

"அவரு ஒல்லி, மிஸ் வெர்லீன். அந்தக் கோட்டுல நான் மூச்சு இழுத்திருந்தா பொத்தான் கேமராக்காரன் மேல போயிருக்கும்."

மூன்று மாதத்தில் அன்றுதான் சிரித்தாள்.

4
சனிக்கிழமை சுருள் மாற்றும் ஆள் வந்தான். பழைய சுருள் வேறு ஊருக்குப் போய்விடும். ஆனால் ஒரு சுற்று முழுதாக ஓடி முடியாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி. (எங்கள்? ஆம், அந்த ஆள் நான்தான். என்னைக் கொஞ்சம் அழகனாக எழுத நினைத்திருந்தேன்.) ஏழு படம் ஓடியிருந்தது.

"ஒரு காசு போடுங்கம்மா. பாட்டு முடிஞ்சதும் கழட்டிக்கிறேன்."

"போட்டா முடிஞ்சிடுமேப்பா" என்றாள் வெர்லீன்.

கடையில் யாரும் காசெடுக்கப் பைக்குள் கை விடவில்லை. மேசைகளில் வறுத்த மீன் ஆறியது. ஆம்ப்ரோஸ் எழுந்து, காசு போடும் துளைமேல் தன் தொப்பியைச் சாத்தினான்.

5
முடிவு ஒன்று: என் காசையே போட்டேன், அவள் [இந்த வரியை அடித்துவிட்டேன்]

முடிவு இரண்டு: ராஸ்கோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறான். (எழுதவே கூசுகிறது. ஆனாலும் நாற்பது முறை எழுதிப் பார்த்தேன். இந்த எண் நிஜம்.)

அன்று நான் செய்தது இவ்வளவுதான்: 'பெட்டி பழுது, அடுத்த வாரம்' என்று என் வேலைச் சீட்டில் எழுதிவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து ஆறிய மீனைத் தின்றேன்.

இன்னும் எழுதினால் பாட்டு தொடங்கிவிடும், தொடங்கினால் முடிந்துவிடும். காசை உங்கள் உள்ளங்கையில் வைத்திருக்கிறேன். அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.