தையலுக்கு ஒரு இன்ச்

இறுதியாண்டு மாணவிகள் ஒரு பெரிய ஆடை நிறுவனத்தை அடித்துத்தான் இன்ஸ்பிரேஷன் வாங்கி வர வேண்டும் என்பது அந்த ஃபேஷன் டிசைன் கல்லூரியின் விதி. கேட்டால் கொடுக்க அது என்ன கோயில் சுண்டலா? அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்கள். எதை வெட்டினாலும் தையலுக்கு ஒரு இன்ச் விட்டு வெட்டு. கோட்டின் மேலேயே வெட்டினால் அப்புறம் அதை எதோடும் மூட்ட முடியாது.

தூத்துக்குடி ஜெசிந்தாவுக்குக் கார்நிலா நிறுவனம் ஒதுக்கப்பட்டது. அவளுக்கு அதன் மேல் பள்ளிக்கூட நாளிலிருந்தே பைத்தியம். கார்நிலாவின் கறுப்பு ஜாக்கெட், அதன் பஃப் ஸ்லீவ், மணிக்கட்டைச் சுற்றி ஓடும் ஒற்றைச் சிவப்புத் தையல். நினைத்தால் சோறு இறங்காது.

வெறுங்கையோடு திரும்பும் பெண்களைக் கல்லூரி துணியாக எடுத்துக்கொள்ளும். அவளுடைய அறைத்தோழி செண்பகா போன வாரம் அப்படித்தான் திரும்பினாள். இப்போது அவள் பிரின்சிபால் வத்சலா மேடத்தின் அறையில் ஜன்னல் திரை. நல்ல மெரூன் நிறம்.

புறப்படும் முன் ஜெசிந்தா போய்ப் பார்த்தாள்.

"ஏட்டி, வலிக்கா?"

"வலி இல்லட்டி. வெயில்தான். முதுகெல்லாம் வெளுத்துப் போச்சு," என்றது திரை.

ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

"திரையில துடைக்காதே," என்றார் வத்சலா மேடம். அவர் எப்போதும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சேலையால் போர்த்தியே இருப்பார். இடது மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு. திருப்பதிக் கயிறு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். "ஒரு ஸ்லீவ் கொண்டு வந்தா நீ பாஸ். ஜோடியா கொண்டு வந்தா இவளையும் கம்பியிலேருந்து இறக்கிடறேன்."

"ஒண்ணுமே கொண்டு வரலன்னா மேடம்?"

"சோபாவுக்கும் கவர் இல்லம்மா."

கார்நிலாவின் கடை வாசலில் ஒரு வரவேற்புப் பெண் இருந்தாள்.

"வாங்க வந்தீங்களா, அடிக்க வந்தீங்களா?"

"அடிக்க."

"மூணாவது மாடி. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க."

மூன்றாவது மாடி நடை, நடக்க நடக்க ஜவ்வு மிட்டாயாக நீண்டது. சுவரோரம் வேறு கல்லூரிப் பெண்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தன் பற்களைத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டிருந்தாள்.

"பட்டன் ஜாக்கிரதை," என்றாள் அவள்.

கடைசி அறையில் ஜாக்கெட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை.

"என்ன வேணும்?" என்றது.

"இன்ஸ்பிரேஷன்."

"எங்கேருந்து?"

"ரெண்டு ஸ்லீவுலேருந்தும்."

ஜாக்கெட் எழுந்து அவள் வாயிலேயே குத்தியது.

ஜெசிந்தா மர ஸ்கேலால் அதன் காலரில் அடித்தாள். அது ஒரு பட்டனைத் துப்பியது. பட்டன் அவள் காது மடலைத் துளைத்துச் சுவரில் பதிந்தது. அவள் அதைக் கீழே தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, வலது ஸ்லீவை வெட்டினாள். தையலுக்கு ஒரு இன்ச் விட்டு, பதமாக. ரத்தம் பீய்ச்சி அடித்தது. அதற்குள் இடது ஸ்லீவ் அவள் கழுத்தைச் சுற்றி இறுக்கியது. கண் இருட்டியது. உயிர் போகும்போது யார் இன்ச் பார்ப்பார்கள்? கத்தரி போன இடத்தில் வெட்டினாள்.

"இதுக்குப் போயா இவ்வளவு அடி?" என்று கேட்டுவிட்டு ஜாக்கெட் செத்துப்போனது.

ஜெசிந்தா அதை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் விம்மினாள். அதை அவள் உண்மையாகவே நேசித்திருந்தாள்.

பிறகுதான் இடது ஸ்லீவைப் பார்த்தாள். சரியாகக் கோட்டின் மேலேயே வெட்டியிருந்தாள். ஒரு நூல்கூட மிச்சமில்லை. முதல் வருடப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. இந்த ஸ்லீவைக் கல்லூரி எடுத்துக்கொள்ளாது. செண்பகா கம்பியிலேயே வெளுத்துக்கொண்டிருப்பாள்.

அவள் யோசிக்கவில்லை. தன் இடது கைத் தோலைத் தோளுக்கு மேல் ஒரு இன்ச் விட்டு உரித்தாள். பஃப் வைத்துத் தைத்தாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்புத் தையலுக்குத் தனியாக நூல் தேவைப்படவில்லை. வலித்தது. ஊசியைப் பல்லால் பிடித்து இழுத்தாள். வரவேற்புப் பெண் மேலே வந்து செய்தித்தாள் விரித்துக் கொடுத்தாள். "தரையில சிந்தாம தைங்க. இப்பதான் துடைச்சாங்க."

வத்சலா மேடம் இரண்டு ஸ்லீவையும் மேசை மேல் பரப்பி, டேப் வைத்துப் பார்த்தார்.

"வலது பிரமாதம். கார்நிலா வாசனை அடிக்குது. இடது எதைப் பார்த்துப் பண்ணினே?"

"எதையும் பாக்கல மேடம். என் தோல்."

"சொந்தமா?" மேடம் முகம் சுளித்தார். "சொந்தத்துக்கெல்லாம் மார்க் கிடையாது. இன்ஸ்பிரேஷன் எங்கே?" தோல் ஸ்லீவைக் குப்பைக்கூடையில் போட்டார். "நீ பாஸ். கிளம்பு. திரை அங்கேயே இருக்கட்டும்."

திரை காற்று இல்லாமலே ஒருமுறை ஆடியது.

ஜெசிந்தா கதவு வரை போனாள். பாஸானவள் போயிருக்கலாம். ஆனால் டேப்பைச் சுருட்டிய மேடத்தின் மணிக்கட்டு கண்ணில் பட்டது. அது கயிறு இல்லை. தையல்.

"மேடம், உங்க கையில இருக்கிறது எதைப் பார்த்து?"

வத்சலா மேடத்தின் முகம் மலர்ந்தது. சேலையை விலக்கினார். தோளில் கறுப்பாக ஒரு பஃப் உப்பியிருந்தது. "பார்த்து இல்லம்மா, அசல். கார்நிலா. நான் படிக்கிறப்போ அடிச்சு வாங்கினது. என் தோளோடவே மூட்டிட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு தையல் விடல."

"இடது ஸ்லீவ்," என்றாள் ஜெசிந்தா.

"இடதுதான்," என்றார் மேடம். பிறகு எழுந்து நின்றார்.

ஜெசிந்தா கத்தரியை எடுத்தாள். உரித்த கையால் எதையும் பிடிக்க முடியவில்லை, வழுக்கியது. ஒற்றைக் கையால் வெட்டினால் துணி நகரும். மேடமும் நகர்ந்தார்.

திரை கம்பியைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. மேடத்தைக் கழுத்திலிருந்து முழங்கால் வரை சுற்றி, மேசை மேல் சாய்த்து, இடது தோளில் மடிப்பு விழாமல் இழுத்துப் பிடித்தது.

"பதறாதட்டி," என்றாள் செண்பகா. "தையலுக்கு ஒரு இன்ச் விட்டு வெட்டு."